ஒரே முதுகு, இரண்டு முடிவு

திருத்தங்கலில் ஒரு காலண்டர் பிரஸ்ஸுக்கு மேல் மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக். கீழே மெஷின் ஓடினால் எங்கள் கட்டில்கள் லேசாக அதிரும். காலையில் என் சக பிசியோ நண்பர், மாலையில் நான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே அளவு அனுபவம். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை சார் என்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஓர் அக்கா வந்தார். பட்டாசு கம்பெனியில் கம்பி மத்தாப்பை டப்பாவில் அடுக்கும் வேலை. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருப்பார், இடையிடையே எழுந்து அட்டைப்பெட்டி தூக்குவார். ஆறு மாதமாக அடி முதுகில் வலி. எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இப்படி வருகிறவர்களுக்கு நாங்கள் ஆறு சோதனைகள் செய்து பார்ப்போம். முதுகை நேராக வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் மடித்துக் குனிவது, நாற்காலியில் உட்கார்ந்து முதுகு அசையாமல் முழங்காலை நீட்டுவது, ஒற்றைக்காலில் நிற்பது, இந்த மாதிரி. கை காலை அசைக்கும்போது அடி முதுகைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடிகிறதா என்று கண்ணால் பார்த்து, சரி அல்லது தப்பு என்று எழுத வேண்டும். அக்கா குனிந்தபோது முதுகு வில்லாக வளைந்தது. தப்பு என்று எழுதி, அதற்கான பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த முறை அவர் காலையிலேயே வந்துவிட்டார். நண்பர் புதுத் தாளில் சோதித்துவிட்டு, குனிவது சரியாகவே இருக்கிறது, ஒத்தடமும் நடையும் போதும் என்று அனுப்பியிருக்கிறார். மூன்றாம் முறை என்னிடம் வந்த அக்கா கட்டிலில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகம். அன்னைக்கு நீங்க தப்புன்னீக. போன தடவ சார் சரின்னாக. ரெண்டு பேரும் பாத்தது ஒரே முதுகுதானே?"

"சில நாள் அப்படித்தான்க்கா, ஒரு நாள் சரியா வரும், ஒரு நாள் வராது" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். ரெண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவரிடம் இப்படி மழுப்பினோமே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உறுத்தியது.

மறுநாள் மதியம், இருவர் ஷிஃப்டும் சந்திக்கும் நேரத்தில் நண்பரிடம் கேட்டேன்.

"நீங்க ரொம்பக் கண்டிப்பாப் பாக்குறீங்க மேடம்."

"நீங்க விட்டுக்கொடுத்துப் பாக்குறீங்க சார்."

கொஞ்சம் குரல் உயர்ந்தது. கடைசியில் அவர்தான் ஒரு வழி சொன்னார். சோதனையைப் போனில் வீடியோ எடுப்போம், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் தனித்தனித் தாளில் எழுதுவோம் என்றார். வந்தவர்களிடம் அனுமதி கேட்டோம். முதலில் சம்மதித்தது அந்த அக்காதான். "மூஞ்சி வராம எடுங்க, கம்பெனியில பாத்தா சிரிப்பாக" என்றார்.

பத்துப் பன்னிரண்டு பேரை எடுத்து முடித்து, டிபன் டப்பாக்களுக்கு நடுவே தாள்களை விரித்தோம். பாதிக்குப் பாதி ஒத்துவரவில்லை. எனக்கு உள்ளூர ஒரு தெம்பு இருந்தது, நான் எழுதியதுதான் சரி என்று. இரண்டு வாரம் கழித்து நண்பர் அதே வீடியோக்களை வரிசை மாற்றிக் கொடுத்து, மறுபடி எழுதச் சொன்னார். எழுதினேன். பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பல இடங்களில் நானே என்னோடு ஒத்துப்போகவில்லை. இரண்டு தாளிலும் இருந்தது என் கையெழுத்து. அவர் சிரிக்கவில்லை. "என்னோடதும் இப்படித்தான் மேடம்" என்று தன் தாள்களையும் நீட்டினார்.

காரணத்தை நாங்கள் தேடிக்கொண்டிருந்தபோது, அக்கா தன் வீடியோவைப் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு தடவை ஓட்டச் சொன்னார்.

"மொத நாள் நீங்க குனிங்கன்னு மட்டும் சொன்னீக. பெட்டி எடுக்க எப்படிக் குனிவேனோ அப்படிக் குனிஞ்சேன். சார் முதுகை அசைக்காதீகன்னு சொல்லி, செஞ்சும் காட்டுனாக. அப்பத்தான எனக்கு வெளங்குச்சு?"

அம்புட்டுதான் விஷயம். அன்று நாங்கள் இருவரும் ஒரே சோதனையைச் செய்யவே இல்லை. நான் பின்னால் நின்று பார்த்தேன், அவர் பக்கவாட்டில் நின்று பார்த்தார். வீடியோவிலோ சேலை மடிப்பு அடி முதுகையே மறைத்திருந்தது; எவ்வளவு வளைந்தால் தப்பு என்று நாங்கள் பேசி வைத்திருக்கவும் இல்லை. அடுத்த வாரம் அக்கா மகளுடைய பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து, வாசலிலேயே வெட்கப்பட்டுச் சிரித்தார். முதுகு நன்றாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு சொல்லும் வாக்கியத்தை ஒன்றாக்கினோம். ஒரு முறை செய்து காட்டுவது, தவறினால் ஒரே ஒரு முறை திருத்துவது, பிறகுதான் எழுதுவது. நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்தோம். தவழும் நிலையில் செய்யும் சோதனை மட்டும் எத்தனை முயன்றும் ஒத்துவரவில்லை. அதை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை என்று விட்டுவிட்டோம். மற்றவற்றில் எங்கள் தாள்கள் மெல்ல மெல்ல நெருங்கி வந்தன.

புது முறையில் பார்த்தபோது அக்காவுக்குக் குனிவது சரியாக வந்தது. உட்கார்ந்து காலை நீட்டும்போதுதான், திருத்திச் சொன்ன பிறகும் முதுகு சரிந்தது. அதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை. பயிற்சியை அதற்கென்று மாற்றினோம். ஃபோர்மேனிடம் கேட்டு அக்கா உட்கார ஒரு பலகையும் வாங்கிக்கொண்டார். அந்தத் தீபாவளி சீசன் முழுக்க அவர் லீவு போடவில்லை. வலி முற்றிலும் போய்விடவில்லை. "முன்ன மாதிரி இல்ல, ராத்திரி புரண்டு படுக்க முடியுது" என்றார்.

சீசன் முடிந்ததும் தன்னோடு வேலை செய்யும் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் சோதித்து எழுதினேன். அதைப் பார்க்காமல் நண்பரும் சோதித்தார். தாள்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றைத் தவிர எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

"ஒண்ணுல மட்டும் எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலம்மா, அதை அடுத்த வாரம் மறுபடி பாப்போம். மத்ததுக்கு இன்னைக்கே ஆரம்பிக்கலாம்" என்றேன்.

அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது காலை மெதுவாக நீட்டத் தொடங்கினாள்.