பம்பருக்குக் கீழே ஒரு புனல்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் சங்கரன்கோவிலில் குடியிருந்தோம். என் கணவருக்கு அரசு அலுவலகத்தில் வேலை. ராயகிரியில் எங்களுக்கு இருந்த வயலில் நெல் நன்றாக விளைந்த ஒரு வருஷம், யாரோ ஓட்டித் தேய்த்த பழைய கார் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. பானெட்டுக்குள் தலை இருக்கும், வெளியே முதுகுதான் தெரியும்.

கார் ஓடும். ஓடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் நாலு பேர் ஏறி உட்கார்ந்து, வெயிலும் ஏறிவிட்டால் சின்ன மேட்டுக்கே முக்கும், முனகும். அதற்கு இவருடைய மதுரை சிநேகிதர் ஒருவர் வைத்தியம் சொல்லியிருந்தார். எஞ்சின் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே இழுப்பதால்தான் அதற்கு மூச்சு முட்டுகிறதாம். குழாய் வைத்து வெளிக்காற்றைக் கொண்டுவந்து கொடுத்தால் இழுவை கூடுமாம். பெரிய செலவில்லை, வீட்டிலேயே செய்துவிடலாம் என்றதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை.

வயல் கிணற்று மோட்டாரில் கிடந்த பழைய ஓஸ் பைப்பில் ஒரு துண்டு வெட்டி எடுத்தார். எஞ்சின் மேல் வட்டமாக ஒரு தகரப் பெட்டி இருக்கும், காற்றை வடிகட்டுகிற பெட்டி. அதன் மூக்கில் ஓஸின் ஒரு முனையைச் செருகி, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி இறுக்கினார். மறுமுனைக்கு வாய் அகலமாக வேண்டுமாம். அன்று மண்ணெண்ணெய் ஊற்ற நான் அலுமினியப் புனலைத் தேடினால் காணோம்.

“அடுப்படியில இருந்தத எதுக்கு எடுத்தீக?” என்று சண்டைக்குப் போனேன்.

“ஏட்டி, மனுசனுக்கு மட்டுந்தான் நல்ல காத்து வேணுமா? எஞ்சினுக்கும் வேணும்லா?” என்றார்.

முதலில் புனலைக் காரின் முன்பக்கக் கிரில்லிலேயே கட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை. மூஞ்சியில் இதைத் தொங்கவிட்டுக்கொண்டு கோவில் வாசலில் போய் இறங்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். என் வாய்க்குப் பயந்து பம்பருக்குக் கீழே மறைவாக இறக்கினார். கீழே காற்று இன்னும் குளிர்ச்சி என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். தூசி போகாமலிருக்கப் புனல் வாயில் தறித்துணி ஒன்றையும் கட்டினார். தூசியைப் பற்றி யோசித்த மனுஷர் தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடக்கும் ஊர் அது. தண்ணீர் நம்மைத் தேடிக்கொண்டு வரும் என்று அங்கே யாருக்குத் தோன்றும்?

இழுவை கூடிவிட்டது என்று இவர் சத்தியம் செய்தார். எனக்குத் தெரிந்து கூடியது சத்தம் மட்டும்தான். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முன்னால் யாரோ குறட்டை விடுகிற மாதிரி இருக்கும்.

அப்போது என் தங்கை எங்களோடு இருந்தாள். ஆசிரியைப் பயிற்சி முடித்து வருஷக்கணக்காகிவிட்டது, வேலை கிடைக்கவில்லை. பக்கத்து விசைத்தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேலைக்கான வயது அந்த வருஷத்தோடு தாண்டிவிடும் என்ற நிலையில், பாளையங்கோட்டைக்கு இன்டர்வியூவுக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது. இதை விட்டால் அவளுக்கு வேறு வழியே கிடையாது. 

ஐப்பசி மாதம். முந்தின நாளே பிடித்த மழை விடியும்வரை ஊற்றியது. காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் திருநெல்வேலி பஸ் ஒன்றும் வரவில்லை. “நம்ம வண்டி இருக்கும்போது என்ன பயம்?” என்று இவர் காரை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். தங்கை சர்டிபிகேட்டுகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு ஓடை உண்டு. மேலே பாலம் கிடையாது, ரோடே ஓடைக்குள் இறங்கி ஏறும். வருஷம் பூராவும் மணல்தான் கிடக்கும். அன்று செம்மண் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் ஒரு பஸ் நின்றது. இக்கரையில் ஒருவர் தலையில் கோணிச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஆடுகளை மடக்கி நிறுத்தியிருந்தார். எங்களைப் பார்த்ததும் கம்பை நீட்டி, “எறங்காதீய அண்ணாச்சி! மேக்க நல்ல மழை” என்று கத்தினார்.

இவர் கடிகாரத்தைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். “முழங்கால் தண்ணிதான, ஒரே அழுத்தா அழுத்தினா போயிரலாம்” என்று சொல்லி இறக்கிவிட்டார்.

முன்சக்கரம் இறங்கி, பம்பரைத் தண்ணீர் தொட்டிருக்கும். குறட்டைச் சத்தம் கொடகொட என்று மாறியது. வண்டி ஒரு உதறு உதறியது, நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் உள்ளே எதுவும் அசையவில்லை. புனல் காற்றுக்குப் பதிலாக ஓடைத் தண்ணீரைக் குடித்துவிட்டது.

ஆட்டுக்காரர் ஓடி வந்தார். “வே, உம்ம கிட்ட என்ன சொன்னேன்? எறங்கித் தள்ளும்!” என்று கத்தினார். அண்ணாச்சியெல்லாம் பறந்துவிட்டது. நாலு பேரும் சேர்ந்து முக்கித் தள்ளி வண்டியைப் பின்னாலேயே மேட்டுக்கு ஏற்றினோம். அவர் சக்கரத்துக்குக் கல் வைத்தார். தங்கை முட்டுவரை நனைந்த சேலையோடு ரோட்டோரத்தில் உட்கார்ந்து, சர்டிபிகேட்டைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் அழுததைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்! வேற்று ஆள் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை.

“பாழாப்போன குழாய மாட்டி ஒரு பிள்ளை பொழப்பக் கெடுத்தாச்சு. உங்க கை பட்டு எதாவது ஒண்ணு...”

அதற்கு மேல் பேச முடியவில்லை. மேற்கே லாரிகள் வரிசையாக வருகிற மாதிரி ஒரு இரைச்சல். திரும்பிப் பார்த்தால் ஓடையின் வளைவில் தண்ணீர் சுவர் மாதிரி எழும்பி வருகிறது. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். ஒரு கருவேல மரம் வேரோடு அதில் உருண்டு வந்து, நடுப்பாதையை அடித்துக்கொண்டு கிழக்கே போய்விட்டது. கார் ஓரத்திலேயே நிற்காமல் நடு ஓடை ஆழத்தில் போய் நின்றிருந்தால், அந்த நேரத்துக்குத் தள்ள முடியாமல் நாங்கள் சரியாக அங்கேதான் மாட்டிக் கிடந்திருப்போம்.

நான் போய்த் தங்கை பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.   “வண்டியாவது சொன்ன பேச்சுக் கேட்டுருக்கு” என்றார் ஆட்டுக்காரர், இவரைப் பார்த்துக்கொண்டே.

காட்டு வெள்ளம் வந்த வேகத்தில் வடியும் என்று சொல்லி, எங்களை அந்தப் பக்கமே விடாமல் பிடித்து வைத்திருந்தார். உச்சிப்பொழுதுக்கு ஓடை வடிந்து முழங்காலுக்குக் கீழே வந்தது. முதலில் தான் மட்டும் இறங்கிக் கம்பால் குத்திப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சர்டிபிகேட் பொட்டலத்தைத் தலையில் வைத்து, “கம்பப் பிடிச்சுக்க தாயி, கீழ பாக்காத” என்று தங்கையை அக்கரை சேர்த்து, திரும்பிப் போகக் காத்திருந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார். போகும்போது அவள் என்னைப் பார்த்து, “அக்கா, அத்தான ஒண்ணும் சொல்லாத” என்று கத்தினாள். 

அன்று மாலை இன்டர்வியூ முடிகிற நேரத்துக்குத்தான் அவள் போய்ச் சேர்ந்தாள். மழையில் மாட்டித் தாமதமாக வந்தவர்களைக் கடைசியாக உட்காரவைத்துக் கூப்பிட்டார்களாம். சேலையில் செம்மண் காய்ந்திருக்க, அப்படியே போய்ப் பதில் சொல்லியிருக்கிறாள். தைப் பொங்கல் கழிந்து வேலைக்கு ஆர்டர் வந்தது. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து, அங்கேயே தலைமையாசிரியையாகி ஓய்வு பெற்றாள்.

காரை லாரியில் கட்டி இழுத்து வந்து, எஞ்சினைப் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆட்டுக்காரருக்கு நன்றி சொல்ல அடுத்த வாரமே போனோம். ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்கோ கிளம்பிவிட்டார், கடைசிவரை அவர் பேர்கூடத் தெரியவில்லை. புனல் மட்டும் என் அடுப்படிக்குத் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரு நெளிவு, மற்றபடி ஒன்றுமில்லை. காஸ் அடுப்பு வரும்வரை அதில்தான் மண்ணெண்ணெய் ஊற்றினேன்.

இவர் மட்டும் இன்றுவரை விடுவதில்லை. மிக்ஸியைக் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் முழிக்கும்போதெல்லாம், “அன்னைக்கு ஓடையில என்னமோ சொல்ல வந்தியே, மிச்சத்தச் சொல்லுட்டி” என்பார். “மறந்துபோச்சு” என்பேன். உண்மையில் மறக்கவில்லை. ஏதாவது ஒன்று பாதி வழியில் நின்றுபோனால் இப்போதும் என் வாய் முதலில் திறக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கருவேல மரம் வேரோடு உருண்டு போவது கண்ணில் வந்து நிற்க, மிச்சத்தை விழுங்கிவிட்டு முதலில் மேற்கே பார்க்கிறேன்.