நாற்பத்தொன்றாம் பாயிண்ட்

குழித்துறையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மீன் பாத்திரத்தோடு உள்ளே வரக்கூடாது என்று சகாயசெல்வி அக்காவிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். கடற்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, சந்தையில் விற்றுவிட்டு, மிச்சத்தை என்னிடம் கொண்டுவருவாள். "ரெஜிலா, நல்ல சாளை, எடு மக்கா." வேண்டாம் என்றால் என் சமையலைக் கேலி செய்வாள். அவள் வராத நாளில் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன், அது வேறு விஷயம்.

அவள் கணவர் சிலுவைமுத்து ஆறு வருடத்துக்கு முன் புயலில் வள்ளத்தோடு போனவர். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே பூவும் மெழுகுதிரியுமாகக் கிளம்பும்போது அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பாள். "நான் எந்தக் குழியில போய் திரி கொளுத்த?" என்பாள்.

கடலுக்குப் போகிறவர்கள் மீன் கிடைக்கும் இடங்களை ஜிபிஎஸ்ஸில் பாயிண்டாகக் குறித்து வைப்பார்கள். சொந்தத் தம்பிக்கும் சொல்ல மாட்டார்கள். வயர்லெஸ்ஸை எல்லோரும் கேட்பார்கள் என்பதால் அதில் பாயிண்டின் நம்பரை மட்டும்தான் சொல்வார்கள். பக்கத்து வள்ளத்து ஆன்ட்ரூஸிடம் சிலுவைமுத்து கடைசியாகச் சொன்னது, "நாப்பத்தொண்ணுக்குப் போறேன்." அது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தேடப் போனவர்கள் வேறெங்கோ தேடிவிட்டுத் திரும்பினார்கள். என்ன பொல்லாத ரகசியமோ, நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வரும்.

போன அக்டோபரில் அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரை மேசையில் வைத்தாள். அலமாரியை ஒதுக்கும்போது கிடைத்ததாம். உள்ளே ஜிபிஎஸ்ஸோடு வந்த சிடியும், அவர் பாயிண்டுகளை இன்னொரு நகலாகப் பதிந்து வைத்த மெமரி கார்டும். கார்டைப் படிக்க அந்த சிடியில் உள்ள மென்பொருள்தான் வேண்டும். அதுவோ ஆதிகாலத்து விண்டோஸுக்கு எழுதியது. மூன்று கடைகளில் புது விண்டோஸில் போட்டுப் பார்த்து, ஓடாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

என் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். விண்டோஸ் மென்பொருளை அதில் ஓட வைக்க ஒரு வழி உண்டு. நடுவில் இன்னொரு மென்பொருள் நின்று, விண்டோஸ் போலவே பதில் சொல்லிச் சமாளிக்கும். மூன்று நாள் முரண்டு பிடித்தது. எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. சனியன், கிடக்கட்டும் என்று எழுந்தால் வாசலில் அக்கா நிற்பாள். மறுபடி உட்காருவேன்.

நான்காம் நாள் பட்டியல் திறந்தது.

"நாப்பத்தொண்ணு இருக்கா மக்கா?"

இருந்தது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் அவர் ஒரு பெயர் போட்டிருந்தார். கடலடிப் பாறையையும் மீனையும் வைத்து, பெரிய பார், கல், கணவாய் என்று. நாற்பத்தொன்றுக்கு நேரே ஆங்கில எழுத்தில் 'செல்வி' என்று இருந்தது.

வாசித்துச் சொன்னேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்ல மீனுள்ள எடமா இருக்கும். அதான் எனக்க பேரு வச்சிருக்காரு," என்றாள். "இன்னொருக்கா வாசி மக்கா."

வாசித்தேன். ஆன்ட்ரூஸ் வள்ளத்தில் அங்கே போய்ப் பூப்போட, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்து ஜெபமாலைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். படியிறங்கப் போனவள் நின்றாள்.

"ஆறு வருசமா எங்க, எங்கன்னு கேட்டு அழுதேன். எனக்க கிட்டதான் கிடந்திருக்காரு."