சூடம் அணைக்காத கை

1. வாசல் பெஞ்சு

பஞ்சாயத்து போர்டு மெம்பராக நான் போன முதல் நாள் எனக்கு நாற்காலி போடவில்லை. மெம்பர் ஒன்பது பேர், நாற்காலி எட்டு. எல்லாரும் உட்கார்ந்த பிறகு பிரெசிடெண்ட் குப்புசாமி நாயுடு வாசல் பக்கம் கையைக் காட்டி, "சவரி, அந்த பெஞ்சுல குந்து. நல்லா காத்து வரும்" என்றார். குந்தினேன். காற்று நன்றாகத்தான் வந்தது. அந்தக் காற்றில் உட்கார்ந்தபடியே, ஒரு நாள் இந்த ரூமில் எனக்கு எந்த நாற்காலி வேணும் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். நாயுடு உட்கார்ந்திருந்ததுதான் கொஞ்சம் அகலமாக இருந்தது.

இப்போது டிரைவர் வேலைக்கு வருகிற பிள்ளைகள் படிக்க வேணும், உங்கள் கதையை எழுதுங்கள் என்று கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனது மூணாம் கிளாஸ் வரைக்கும்தான், அதிலும் பாதி நாள் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டேன். திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. எங்கள் ஊருக்கென்று ஓடியது ஒரே பஸ், நாயுடுவுடைய பஸ். அதில் கிளீனராகச் சேர்ந்து டிரைவர் ஆனவன் நான். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பழைய டிரைவர் காபி குடிக்க இறங்குகிற நேரத்தில் நானே ஏறி உட்கார்ந்து கியர் போட்டுப் பழகினேன். ஒரு தடவை சுவரில் இடித்தேன். விழுந்தது சுவர்தான்.

என்னை மெம்பர் ஆக்கினதும் நாயுடுதான். மாதா கோயிலைச் சுற்றி இருந்தது எங்கள் கீழ்த்தெரு. பாதிப் பேர் என்னைப் போல மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர்கள், பாதிப் பேர் முருகனைக் கும்பிடுகிறவர்கள், எல்லாருமே கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஓட்டு என்று வந்தால் தெரு பிரியாது. அது நாயுடுவுக்குத் தெரியும்.

"நீ நில்லுடா. ஜெயிச்சதுக்கு அப்பால நான் கை தூக்கினா நீயும் தூக்கு. வேற வேலை ஒண்ணும் இல்ல" என்றார்.

தூக்கினேன். அந்த போர்டு முடிகிற வரைக்கும் அவர் தூக்கின போதெல்லாம் தூக்கினேன். ஆனால் கூடவே ஒன்றைக் கேட்டுக்கொண்டும் இருந்தேன். கிணறு.

கீழ்த்தெருவுக்குக் கிணறு கிடையாது. பெண்கள் நந்தி ஆற்றுக்குப் போய் மணலில் ஊற்று தோண்டி, கொட்டாங்குச்சியில் மொண்டு மொண்டு குடம் நிரப்ப வேண்டும். கோடை வந்தால் ஊற்று ஆள் ஆழத்துக்குப் போய்விடும். என் பெஞ்சாதி மரியா நிறைமாச வயிற்றோடு அந்தக் குழிக்குள் இறங்கி ஏறினாள். போர்டு செலவில் தோண்டின கிணறு இரண்டும் நாயுடு வீட்டுப் பக்கம் இருந்தது. அங்கே எங்கள் குடத்தை விட மாட்டார்கள்.

"கிணறு வேணும் நைனா."

"ஆறு இருக்குதே, கிணறு இன்னாத்துக்கு?"

"ஆறு இருக்குது நைனா. தண்ணிதான் இல்ல."

"பாக்கலாம் போ."

இதே பேச்சு ஒரு வார்த்தை மாறாமல் நடந்துகொண்டே இருந்தது.

2. கரி வண்டியில் யாத்திரை

அடுத்த எலெக்‌ஷன் வந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஒன்பது மெம்பர்களும் ஜெயித்து வந்தாகிவிட்டது. இனி அந்த ஒன்பது பேர் கூடி, கை தூக்கிப் பிரெசிடெண்டைப் பொறுக்கி எடுக்க வேண்டும். நாயுடுவுக்கு எதிராக ஜவுளிக்கடை ஏகாம்பர முதலியார் நின்றார். அவரையும் சேர்த்து அந்தப் பக்கம் நாலு பேர். இந்தப் பக்கம் நாயுடு, அவர் மச்சான் சுப்பையா, எண்ணெய்க் கடை கோவிந்த செட்டியார், தறிக்கார வரதப்பன், அப்புறம் நான். ஐந்து. ஒரு கை நழுவினால் போச்சு.

அந்தக் காலத்தில் இந்த மாதிரி சமயத்தில் மெம்பர்களை ஊரில் விட்டு வைக்க மாட்டார்கள். யாத்திரை என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, எலெக்‌ஷன் அன்று காலையில்தான் ஊருக்குள் இறக்குவார்கள். எதிராளி வந்து பேசிக் கலைக்க முடியாது. நாயுடு எங்களைக் காளாஸ்திரிக்குக் கூட்டிப் போனார். மெம்பரும் நான்தான், டிரைவரும் நான்தான். என்னைத் தனியாகக் கடத்துகிற வேலை அவருக்கு மிச்சம்.

பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ் கரியில் ஓடியது. வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பீப்பாய். அதில் அடுப்புக் கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, கைச்சக்கரத்தால் காற்றை ஊத வேண்டும். அந்தப் புகை எஞ்சினுக்குப் போய் வண்டி ஓடும். சமதரையில் ஓடும் என்று சொல்ல வேண்டும். மேடு வந்தால் நின்றுவிடும்.

திரும்பி வரும்போது நகரிக்கு முன்னால் ஒரு மேட்டில் நின்றது. மெம்பர்கள் இறங்கித் தள்ளினார்கள். நாயுடு முன் சீட்டிலேயே இருந்தார்.

"நைனா எறங்கினா வண்டி கொஞ்சம் லேசாவும்" என்றேன்.

"நானும் எறங்கி தள்ளினா மொதலாளி யாருன்னு வண்டிக்குத் தெரியாம பூடும். நீ கரியப் போடு."

கோவிந்த செட்டியாருக்கு வேட்டியெல்லாம் கரி. பீப்பாய்ப் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "என் செக்குமாடு கூட இப்படிப் பாடுபடாது சவரி. ஏகாம்பரம் கூப்ட்டப்பவே போயிருக்கணும்."

"இப்ப போங்களேன் செட்டியாரே."

"மொதல்ல மூஞ்சியக் கழுவிக்கிறேன். அப்பால யோசிக்கிறேன்."

வரதப்பனும் முணுமுணுத்துக்கொண்டுதான் தள்ளினார். நாயுடு இதெல்லாம் தெரியாத ஆள் இல்லை. அதற்கு அவரிடம் ஒரு மருந்து இருந்தது.

எலெக்‌ஷன் அன்று காலை வண்டி சரவணப் பொய்கை ஓரம் வந்து நின்றது. "எல்லாரும் குளிச்சிட்டு வாங்க. மேல போய் சாமி முன்னாடி சூடம் அணைச்சிட்டு, நேரா போர்டு ஆபீசு" என்றார் நாயுடு.

திருத்தணிக்காரனுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தட்டில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். அதுவும் தணிகாசலத்தான் முன்னால் சொல்லிவிட்டு மாறினால் குடும்பத்துக்கே ஆகாது என்று நடுங்குவார்கள். செட்டியார் முகம் தொங்கிப்போனது.

சுப்பையா நாயுடுவிடம் என்னைக் காட்டினார். "பாவா, இவன்?"

நாயுடு சிரித்தார். "இவனுக்கு இன்னாத்துக்குய்யா? இவுங்க சாமிக்கு சூடம் ஏது? என் சோத்தத் துன்றவன். அதுவே சத்தியந்தான்."

நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்: "நைனா, கெணறுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க மாதா மேல ஆணையா இப்பவே சத்தியம் பண்றேன்."

"எந்த நேரத்துல இன்னாடா பேசுற? வண்டியப் பாத்துக்கோ."

அவர்கள் படி ஏறினார்கள். நான் பீப்பாய் நெருப்பு அணையாமல் ஊதிக்கொண்டு நின்றேன். டிரைவர் வேலை போனால் எனக்குத் திரும்பக் கரும்புக் காடுதான். அந்த பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் சோறு என்று சொன்னாரே, அதுதான் அறுத்தது. நான் வண்டி ஓட்டினேன், கூலி வாங்கினேன், அந்தக் கூலியில் என் வீட்டு அடுப்பு எரிந்தது. அந்தச் சோறு ஆக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியுமா? மரியா குழிக்குள் இறங்கிக் கொண்டு வந்தது. அப்படிப் பார்த்தால் நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட வேண்டியது அவளுக்குத்தான்.

3. கருப்புக் கைகள்

சித்தூரிலிருந்து பஞ்சாயத்து ஆபீசர் வந்திருந்தார். நான் வழக்கம்போல வாசல் பெஞ்சில் குந்தினேன். எதிரே செட்டியார், வரதப்பன், சுப்பையா மூன்று பேர் உள்ளங்கையும் சூடக் கரி பட்டுக் கருப்பாக இருந்தது. என் கையும் கருப்புத்தான். அது அடுப்புக் கரி. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நாயுடு ஒரு சுற்று பார்த்துவிட்டுத் திருப்தியாக மீசையைத் தடவினார்.

பிரெசிடெண்டுக்கு நிற்கிற ரெண்டு பேர் பேரையும் ஆபீசர் படித்தார். நான் எழுந்து நின்றேன்.

"சார், கை தூக்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க" என்றார். போர்டு ஆபீசில் எனக்கு விழுந்த முதல் 'ங்க' அதுதான்.

"எங்க கீழ்த்தெருவுக்கு கெணறு எப்ப?"

நாயுடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உக்கார்றா. வூட்ல வந்து பேசு."

ஏகாம்பர முதலியார் எழுந்தார். அவர் வியாபாரி, எந்த நேரத்தில் எந்தத் துணியை விரிக்க வேணும் என்று தெரிந்தவர். "நான் வந்தா மொதல் தீர்மானமே அதுதான். ஆபீசர் எழுதிக்கட்டும்" என்றார்.

"நாயுடுவுக்கு ஆதரவா கை தூக்குறவங்க" என்றார் ஆபீசர்.

நாலு கை எழுந்தது. நாயுடு ஐந்தாவதைத் தேடி வாசல் பக்கம் திரும்பினார். என் கை மடியில் இருந்தது. நான் ஏதோ தூங்கிவிட்டேன் என்று நினைத்து, "டேய் சவரி" என்று கூப்பிட்டார். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ஏகாம்பர முதலியாருக்கு."

நான் தூக்கினேன். பெஞ்சில் உட்கார்ந்து தூக்கவில்லை, எழுந்து நின்று தூக்கினேன். ஐந்து.

கோவிந்த செட்டியார் தன் உள்ளங்கையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஓடிப்போக இருந்த ரெண்டு பேரை நாயுடு சூடம் வைத்துக் கட்டினார். கட்டாமல் விட்டது என் ஒருத்தனை. இந்த ஊர் சரித்திரத்தில் ஒரு டிரைவர் கையை இறக்கிப் பிரெசிடெண்டை இறக்கினது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகும் யாரும் செய்யவில்லை, விசாரித்துக்கொள்ளலாம்.

4. ஹேண்டில்

வெளியே வந்ததும் நாயுடு கையை நீட்டினார். "சாவியக் குடு. ஹேண்டிலையும் குடு."

சாவியையும், எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற அந்த ஹேண்டில் கம்பியையும் கொடுத்தேன். மரியாவிடம் வேலை போச்சு என்று சொன்னேன். "கெணறு வருமா?" என்றாள். வரும் என்றேன். "அப்ப குந்தி சாப்புடு" என்றாள்.

கிணறு தோண்ட ஆரம்பித்து பாறை தட்டினபோது ஆடிக் கிருத்திகை வந்தது. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வழியெல்லாம் காவடி கட்டிக்கொண்டு ஜனம் பஸ்ஸுக்கு நிற்கிறது. நாயுடுவுக்கு டிரைவர் இல்லை. வண்டி ஓட்டத் தெரிந்தவனெல்லாம் பட்டாளத்துக்கு லாரி ஓட்டப் போய்விட்டான். ஜனம் நிற்க ஆரம்பித்த மூன்றாம் நாள் அவரே எங்கள் தெருவுக்குள் வந்தார். அவர் அந்தத் தெருவில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"சவரி, வண்டி எடு."

நான் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவன் படுத்தபடியே சொன்னேன்: "போர்டு மெம்பர்கிட்ட பேசுற மாதிரி பேசுங்க நைனா."

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நாயுடு ஒரு தரம் தொண்டையைச் செருமினார். "வண்டி எடுங்க... மெம்பர்."

எடுத்தேன். கிருத்திகை முடிய ஒரு காவடியையும் ரோட்டில் விடவில்லை. பாறையை வெடி வைத்து உடைத்து, கிணற்றில் தண்ணீர் வந்தபோது மரியாதான் முதல் குடம் மொண்டாள். ரெண்டாவது குடத்தை நான் வாங்கி நாயுடு வண்டியின் ரேடியேட்டரில் ஊற்றினேன். அப்புறம் தினமும் அங்கேதான் ஊற்றினேன்.

5. மெழுகுவத்தி

சுதந்திரம் வந்த பிறகு வந்த எலெக்‌ஷனில் நாயுடுவும் நானும், கூடவே செட்டியாரும் வரதப்பனும் திரும்ப மெம்பர் ஆனோம். பிரெசிடெண்ட் எலெக்‌ஷனுக்கு முதல் நாள் நாயுடு என் வீட்டுக்கு வந்தார். துண்டுக்குள்ளிருந்து எதையோ எடுத்தார். என் முழங்கை நீளத்துக்கு ஒரு மெழுகுவத்தி.

"உங்க கோயில்ல இதுதானே ஏத்துறாங்க? அரக்கோணத்துல சொல்லி வாங்கியாந்தேன். இத அணைச்சு ஒரு வார்த்தை சொல்லுங்க மெம்பர். இந்த தடவ நான் ஏமாற மாட்டேன்."

மரியா உள்ளே போய்ச் சிரித்தாள். எனக்கே அவர் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

"நைனா, மெழுகுவத்திய நாங்க ஏத்துவோம். அணைச்சு சத்தியம் பண்ற பழக்கம் இல்ல. அதோட, நாளைக்கு நான் உங்களுக்குத் தூக்க முடியாது. நானே நிக்கிறேன்."

"நீயா?" என்றார். மெழுகுவத்தியைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, "நீங்களா?" என்றார்.

மறுநாள் எனக்காக யாரையும் யாத்திரை கூட்டிப் போகவில்லை, யாருக்கும் சூடம் காட்டவில்லை. போன போர்டில் வரதப்பன் தெருவுக்குக் குழாய் போட நான்தான் முட்டி மோதினேன். செட்டியார் கடை முன்னால் தேங்கின சாக்கடையை நின்று வெட்ட வைத்ததும் நான்தான். என் பேரைப் படித்ததும் முதலில் எழுந்தது செட்டியார் கை. ஆறு பேர் தூக்கினார்கள்.

புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சத்தியம் வாங்கி ஒருத்தன் கையைப் பிடித்து வைக்காதீர்கள், அது மரத்துப்போகும். அவன் கேட்டதைச் செய்து கொடுங்கள், கை தானாக எழும்பும். நாலு எழுத்துப் படிக்காத எனக்கே இது தெரிந்தது.

நாயுடு கொண்டு வந்த மெழுகுவத்தியை அன்று சாயங்காலம் மாதா கோயிலில் ஏற்றினேன். ஏகாம்பர முதலியார் கிணறு கொடுத்தாரே ஒழிய எனக்கு நாற்காலி கொடுக்க அவருக்கும் தோன்றவில்லை. அதனால் பிரெசிடெண்டாக நான் செய்த முதல் வேலை ஒன்பதாவது நாற்காலி வாங்கிப் போட்டதுதான். அகலமான நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். புது நாற்காலியில் நாயுடுவை உட்கார வைத்தேன்.

வாசல் பக்கமாகத்தான் போட்டேன். அங்கே நல்ல காற்று வரும்.