ஆடும் கால்கள்

கட்டில் எனக்கு உயரமாகிவிட்டதென்று மகன் ஆசாரியை அழைத்து வந்திருக்கிறான். ரம்பம் ஓட ஓட எழும் மரத்தூள் மணம் என்னைப் பாகூர் பள்ளிக்கூடத்தின் சின்ன வகுப்புக்கே கொண்டுபோகிறது.

அது பிரெஞ்சுக்காரர் காலம். வாத்தியாரை முசே என்போம். வெகுகாலம் பெரிய வகுப்பு நடத்தியவரை அந்த ஆண்டு எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். வந்ததிலிருந்து ஒரே அதட்டல்.

"கால ஆட்டாதீங்கடா. மருவாதி தெரியாதா?"

நிறுத்துவோம். கொஞ்ச நேரத்தில் கால் தானாக ஆடும். ஏனென்று எங்களுக்கும் புரியவில்லை.

ஒருநாள் சுவரில் படங்களை மாட்டி முடித்த முசே, களைத்துப்போய்த் தம் உயரமான மேசைமேல் ஏறி உட்கார்ந்தார். தொங்கிய கால்கள் மெல்ல ஆடின. வகுப்பே அதைப் பார்த்தது. அவரும் குனிந்து பார்த்தார். பிறகு இறங்கிவந்து எங்கள் பெஞ்சுகளுக்கு அடியில், தரைக்கு எட்டாமல் தொங்கிய கால்களைப் பார்த்தார்.

மறுநாள் ரம்பத்தோடு வந்து பெஞ்சுக் கால்களை அறுக்கத் தொடங்கினார். சத்தம் கேட்டுப் பெரிய வாத்தியார் ஓடிவந்தார்.

"சர்க்கார் சாமான இன்னா பண்றீங்க? நாளைக்கிப் பெரிய பசங்க இதுல எப்படி ஒக்காருவாங்க?"

"பெரிய பசங்க இங்க வரமாட்டாங்க. பெரிய வகுப்புலேர்ந்து நான்தான் இங்க வந்துட்டனே" என்றார் முசே.

பெரிய வாத்தியார் அருகே வந்தார். பிறகு பெஞ்சு ஆடாமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

ஆசாரி கட்டிலை நிமிர்த்திப் போட்டார். உட்கார்ந்தேன். பாதம் இரண்டும் தரையில் பதிந்தன.

"போதுமா தாத்தா, இன்னும் அறுக்கட்டுமா?"

குனிந்தேன். கால் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.