ஆரஞ்சு வாரத்தில் ஒரு கடா

சந்தேகப்படுவதற்கென்றே எனக்குச் சம்பளம். பல்கலைக்கழக ஃபுட்பால் மைதானத்தின் பின்வாசலில் காவல்காரன் நான். பையைத் திறக்கச் சொல்வேன், காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு வருபவனை மறுமுறை பார்ப்பேன். நவம்பரில் ஒரு வாரம் மட்டும் ஊரில் எல்லோரும் என்னைப்போல் ஆகிவிடுவார்கள். பக்கத்துக் கல்லூரியோடு ஆட்டம் வரும் வாரம் அது. அவர்கள் நிறம் ஆரஞ்சு. ஆகவே அந்த வாரம் இங்கே யாரும் ஆரஞ்சு உடுத்தமாட்டார்கள், அந்தக் கல்லூரியின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள், விடுதிச் சாப்பாட்டில் கேரட்கூட இருக்காது. புது முகம் ஒன்று தென்பட்டால் போதும், உளவாளி என்று கிசுகிசுப்பார்கள்.

லோர்னா ஹாஸ்கெட் அந்த வாரத் திங்கட்கிழமை ஆரஞ்சு மேல்சட்டையோடு வந்து இறங்கினாள். அவள் வீடு காட்டோரம். மான் வேட்டைக் காலத்தில் அந்தச் சட்டை இல்லாமல் வெளியே வந்தால் எவனாவது மான் என்று நினைத்துச் சுட்டுவிடுவான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் முறைத்தோம்.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். புருஷன் விட்டுப் போய் வெகுகாலம். பிள்ளை குட்டி இல்லை. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. அவளிடம் ஒரு செம்மறிக்கடா இருந்தது, பெயர் மேஜர். எங்கள் அணியின் சின்னமே கடாதான். ஆட்ட நாளில் மேஜருக்கு எங்கள் நிறமான நீலத்தில் போர்வை போர்த்தி, கொம்பைத் துடைத்து, மைதானத்தைச் சுற்றி அழைத்து வருவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! வாழ்க்கையில் அவளுக்கென்று கைதட்டல் கிடைத்த ஒரே இடம் அதுதான். அதற்காக ஒரு காசு வாங்கியதில்லை.

ஆட்டத்துக்கு முன் மேஜருக்கு ஒரு கைப்பிடி மக்காச்சோளம் ஊட்டினால் ஜெயிப்போம் என்பது மாணவர்களின் நம்பிக்கை. ஆரஞ்சு வாரத்தில் கடாவைப் பின்வாசலுக்குப் பக்கத்துப் பட்டியிலேயே கட்டிவைப்போம், நாள் முழுக்க வரிசை நிற்கும். வரிசையை மேய்த்தவன் கிரேடன், மாணவர் உற்சாகக் குழுவின் தலைவன்.

"லோர்னாக்கா, அந்தச் சட்டையக் கழட்டுங்க. பாக்கவே வயித்தெரிச்சலா இருக்கு."

"நீ எனக்கு மாத்துச் சட்டை வாங்கிக் குடு, கழட்டுறேன்."

"யார் பக்கம்க்கா நீங்க?"

"கடா பக்கம்டா, எருமை."

செவ்வாய்க்கிழமை மேஜர் சோளத்தைத் தொடவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு நின்று முனகினான். புதன்கிழமை காலையில் பட்டி காலி. லோர்னாவின் வண்டியையும் காணோம். கிரேடன் என் சட்டையைப் பிடிக்காத குறை.

"காவல் காத்த லட்சணமா இது? வித்துட்டா! அவங்ககிட்ட வித்துட்டா!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே எதிரி ஊருக்கே போனேன். அவர்கள் கல்லூரி வளாகத்தில் லோர்னாவின் வண்டி நின்றது. பார்த்ததும் என் காது சூடாகிவிட்டது. இறங்கிப் போனால், அது கால்நடை ஆஸ்பத்திரி. இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆடு மாடுகளுக்கு அறுவை செய்ய வேறு இடம் இல்லை. கூடத்தில் எல்லோரும் ஆரஞ்சு. லோர்னா மட்டும் மேல்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நீலப் பனியனோடு, கைகட்டி, எல்லோரையும் முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இவங்கதான் விஷம் வச்சிருக்கணும்," என்றாள் என்னிடம், எல்லோருக்கும் கேட்கும்படி. "வச்சவங்களே எடுக்கட்டும்."

உள்ளேயிருந்து மார்லீஸ் என்ற பெண் வந்தாள். அங்கே கால்நடை மருத்துவம் கடைசி வருடம் படிப்பவள், கழுத்துவரை ஆரஞ்சு.

"விஷமெல்லாம் இல்லம்மா. மூத்திரக் குழாயில கல்லு அடைச்சிருக்கு. ரொம்பச் சோளம் திம்பானோ?"

கட்டியிருந்த கைகளை லோர்னா தளர்த்தினாள். அவளும்தானே வருடக்கணக்காகப் பக்கத்தில் நின்று, தானும் ஊட்டி, ஊட்டுகிறவர்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தவள்.

குழாயின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டார்கள், கல் வந்தது. ஆனால் இன்னும் உயிருக்கு உத்தரவாதமில்லை, சிறுநீர் தடையில்லாமல் போகிறதா என்று இரண்டு மூன்று நாள் பார்க்கவேண்டும் என்றாள் மார்லீஸ். வியாழக்கிழமை லோர்னா அவனைத் தன் வீட்டுக்கே கொண்டுபோனாள்.

வெள்ளிக்கிழமை மாலை மைதானத்தில் ஆட்டத்துக்கு முந்தைய பெருங்கூட்டம். மேடை ஓரத்தில் கிரேடன் லோர்னாவை மடக்கினான். நடந்ததை நான்தான் அவனிடம் சொல்லியிருந்தேன்.

"அக்கா, அவங்க திருடிட்டுப் போனாங்க, நாம மீட்டுக்கிட்டு வந்தோம்னு சொல்லுங்க. கூட்டம் பத்திக்கும்."

"சொல்லாட்டி?"

"அடுத்த வருஷம் வேற கடா பாத்துக்குவோம்."

அவள் முகம் வெளுத்தது. சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். அவளுக்கு அதை விட்டால் வேறென்ன இருக்கிறது? மைக்கைப் பிடித்தாள்.

"யாரும் திருடல. யாரும் விஷம் வைக்கல. நாம பாசமா ஊட்டின சோளம்தான் அவன் உசுருக்கு வினையாச்சு. ஊட்டினவங்கள்ல நானும் ஒருத்தி. அவனைப் பொழைக்க வச்சது அந்தக் கல்லூரிப் பசங்க." அந்தப் பெயரையும் சொன்னாள், ஆரஞ்சு வாரத்தில், எங்கள் மைதானத்தில்.

கூட்டத்திலிருந்து ஊளை கிளம்பியது. "துரோகி!" என்றான் ஒருவன். "எவ்வளவு வாங்கின?" என்றான் இன்னொருவன். அவளை நான்தான் பின்வாசல் வழியாக வெளியே கொண்டுபோனேன். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு அன்று வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஆட்டத்தை ரேடியோவில் கேட்டோம். எங்கள் பக்கம் ஜெயித்துக்கொண்டிருந்தது, கடா இல்லாமலே. அறிவிப்பாளர் கடாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடைவேளையில் அவள் போன் அடித்தது. மறுமுனையில் காதைப் பிளக்கும் இரைச்சல். எங்கள் பேண்டு வாத்தியம்தான் என்று எனக்கே தெரிந்தது.

"அம்மா, கேக்குதா? மைதானத்துலதான் இருக்கேன், ஒரே சத்தம். மேஜர் ஒண்ணுக்குப் போனானா?"

லோர்னா ஜன்னல் வழியாகப் பட்டியைப் பார்த்தாள்.

"போறான்மா. காலையிலேர்ந்து நல்லாவே போறான்."

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு, நம்ம பசங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல," என்றாள். "கல்லை எடுத்த பொண்ணு."