இரண்டு டிராக்டர், ஒரு பல்சக்கரம்

எங்கள் முதலாளி டிராக்டர் வாங்கியது உழுவதற்குத்தான் என்று ஆம்பூரில் யாரும் நம்பவில்லை. தோல் வியாபாரி ஒருவர் பாலாற்றங்கரையில் நிலம் வாங்கினாலே ஊர் பேசும். அதில் மாட்டை இறக்காமல் இரும்பு வண்டியை இறக்கினால் கேட்க வேண்டியதில்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு துரையின் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த வண்டி அது. ஏலத்தில் சல்லிசாகக் கிடைத்தது. ஏன் அவ்வளவு சல்லிசு என்பது முதல் தடவை அது நின்றபோதுதான் எங்களுக்குப் புரிந்தது.

நான் அவருடைய தோல் பதனிடுகிற டேனரியில் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தவன். நான்காம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு எழாது. தாய் தகப்பன் போன பிறகு எனக்குப் பெண் பார்க்க யாரும் முன்வரவில்லை. நானும் யாரையும் போய்க் கேட்கவில்லை. டிராக்டர் என் கைக்கு வந்தபோது உள்ளூர எனக்குச் சந்தோஷம். அது போடுகிற சத்தத்தில் யாரும் என்னோடு பேச வேண்டியதில்லை, நானும் பதில் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஹேண்டிலைச் சுற்றிக் கிளப்பினால் சாயங்காலம் வரையில் நானும் வண்டியும்தான். வண்டிக் கொட்டகையிலேயே ஒரு மூலையில் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டேன்.

நின்றுவிட்டால்தான் தொல்லை. ஒரு சின்னச் சாமான் உடைந்தாலும் சென்னைக்கு எழுத வேண்டும். சென்னைக் கடையில் இல்லையென்றால் அவர்கள் பம்பாய்க்கு எழுதுவார்கள். அங்கேயும் இல்லையென்றால் கப்பலில் வர வேண்டும். வருவதற்குள் உழவுப் பட்டம் தப்பிவிடும். பழைய வண்டி என்பதால் விலையும் அவர்கள் சொன்னதுதான்.

"வண்டிய ஒரு தரம்தான் வாங்கினேன்னு நெனைச்சேன்டா" என்பார் முதலாளி. "இப்ப அதையே துண்டு துண்டா மறுபடியும் வாங்கிக்கினு இருக்கேன். முழுசா வாங்கினப்ப கம்மி, துண்டா வாங்கினா ஜாஸ்தி!"

தோலால் செய்யக்கூடியதையெல்லாம் நாங்களே செய்துகொண்டோம். விசிறி வார், தண்ணீர்க் குழாய்க்கு வாஷர், எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கிற தகடு எல்லாமே டேனரியில் கழிந்த எருமைத் தோல்தான். விளக்கெண்ணெயில் ஊறவைத்து வெட்டிப் போட்டால் ஒரு பட்டம் தாங்கும். எங்கள் வண்டி சூடேறினால் மண்ணெண்ணெய்ப் புகையோடு செருப்புக் கடை வாசனையும் வரும்.

தோலால் ஆகாத ஒரு சாமானுக்காக ஒரு முறை சென்னைக்குப் போனேன். கடையில் என் முன்னால் நின்றவரும் அதே சாமானைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் ஒன்றே ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். முன்னால் நின்றவர் திரும்பி என் கையிலிருந்த தேய்ந்த சாமானைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நீயே எடுத்துக்கோப்பா. இல்லன்னா இங்கியே அழுதுடுவ போலக்குது" என்றார்.

வாலாஜாபேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மிராசுதாருக்கு டிராக்டர் ஓட்டுபவர் அவர். எங்கள் வண்டியும் அவர்கள் வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அன்று ரயிலில் தாம் இறங்க வேண்டிய வாலாஜா ரோடு வந்துபோனதுகூடத் தெரியாமல் காட்பாடி வரை பேசிக்கொண்டே வந்துவிட்டார். எதிர் வண்டி பிடித்துத்தான் திரும்பிப் போனார். அப்படி யாரும் என்னோடு பேசியதில்லை.

அதற்குப் பிறகு எது உடைந்தாலும் நான் முதலில் வாலாஜாவுக்குத்தான் போவேன். அவரிடம் பழைய சாமான் ஏதாவது இருக்கும். இல்லாவிட்டால் இருப்பதை ராவித் தேய்த்துச் சரிபண்ணிக் கொடுப்பார். பதிலுக்கு நான் தோல் வாஷர்களைக் கோணிப் பையில் கொண்டுபோவேன். அவர் மனைவி, எனக்கு அண்ணி, களியும் கருவாட்டுக் குழம்பும் போடுவார்கள்.

"இன்னா ஆம்பூராரே, இந்த வாட்டி இன்னா உடைச்சிக்கினு வந்த?" என்று வாசலிலேயே கேட்பார். "வண்டி ஒடையலன்னா இந்தப் பக்கம் தலை காட்ட மாட்டியே!"

அது உண்மை. சும்மா வந்தேன் என்று சொல்லி ஒரு வீட்டுக்குள் நுழைய எனக்குத் தெரியாது. கையில் ஒரு உடைந்த சாமான் இருந்தால்தான் தைரியம் வரும்.

ஒரு கோடையில் இரண்டு வண்டியும் நின்றன. எங்கள் வண்டியில் பின்சக்கரத்தைச் சுழற்றுகிற பெரிய வெண்கலப் பல்சக்கரம் பல் தேய்ந்து வழுக்கிவிட்டது. இன்ஜின் நன்றாக ஓடும், வண்டி நகராது. அவர்கள் வண்டியில் சிலிண்டர் நெடுக விரிசல். பல்சக்கரம் புதுசு போல இருந்தது. சென்னையில் கேட்டோம். எங்கள் பல்சக்கரத்துக்கு ஒரு ஜோடி நல்ல உழவு மாட்டின் விலை சொன்னார்கள். அவர்கள் சிலிண்டருக்கு அதைவிட மேல். இரண்டும் கப்பலில்தான் வர வேண்டும்.

ஒரு வண்டியை அறுத்துச் சாமானை எடுத்தால் மற்றது பிழைக்கும் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. அவர் தம் மிராசுதாரிடம் சொன்னார், நான் என் முதலாளியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தாலும் எங்கள் வேலை தப்பியிருக்காது. இரண்டும் இரும்புக் கடைக்குப் போயிருக்கும். எந்த வண்டி அறுபடுகிறதோ அந்த டிரைவருக்கு வேலை இல்லை. எனக்கென்றால் டேனரியில் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம்தான் இடம் இருந்தது. ஆயில் இன்ஜினுக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. அவருக்கு அதுவும் இல்லை.

எங்கள் முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு வாலாஜாவுக்குப் புறப்பட்டார். மிராசுதார் களத்து வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டு உட்காரவைத்தார். அவருடைய கணக்குப்பிள்ளையும் பண்ணையாட்களும் சுற்றி நின்றார்கள். நானும் என் சிநேகிதரும் கொட்டகை ஓரமாக அவர் வண்டிப் பக்கத்தில் நின்றோம்.

மோர் குடித்து முடித்ததும் முதலாளி ஆரம்பித்தார்.

"ஐயா, நமக்குள்ள பேஜார் வேணாம். ரெண்டும் ஒரே வண்டி. நீங்க ஒரு விலை சொல்லுங்க. அந்த விலைக்கு ஒண்ணு, உங்க வண்டிய நான் எடுத்துக்குறேன். இல்ல, என் வண்டிய உங்களுக்குத் தந்துடுறேன். எதுன்னு நான் சொல்றேன். சம்மதமா?"

"ஆகட்டும் சாயபு. நியாயமாத்தான் இருக்குது" என்றார் மிராசுதார்.

தோல் மண்டியில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு பேரும் ஒரு துணிக்கடியில் கையை நீட்டி, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியாது. மாட்டுச் சந்தையிலும் அதே வழக்கம். அதனால் மிராசுதார் யோசிக்காமல் தோள்துண்டை உதறி இருவர் கைமேலும் போட்டார்.

"துண்டுக்குள்ள இன்னா நடக்குது பாரு" என்று சிநேகிதர் என் காதில் சொன்னார். "ஒருத்தனுக்குக் கல்யாணம், ஒருத்தனுக்குக் கருமாதி. யாருக்கு எதுன்னுதான் தெரியல."

"சும்மா இரு அண்ணே."

"உன் மூஞ்சிய ஏன் அப்படி வச்சிக்கினுகிற? நீ செத்தாலும் நான் செத்தாலும் களி என் வீட்டுலதான்."

துண்டு ஒரே ஒரு முறை அசைந்தது. முதலாளி உடனே கையை வெளியே எடுத்தார்.

"உங்க வண்டிய எடுத்துக்கிட்டேன்" என்றார்.

மிராசுதார் கை துண்டுக்குள்ளேயே இருந்தது. "இன்னா சாயபு, இன்னும் பேசவே ஆரம்பிக்கலியே!"

"மண்டியில மொத விரல்தான் ஐயா விலை. அதுக்கு மேல பேச்சு கெடையாது."

மாட்டுச் சந்தையில் அப்படி இல்லை. முதலில் பிடிக்கிற விரல் வெறும் தொடக்கம்தான். வாங்க நினைப்பவர் அடிமட்டத்தில் ஆரம்பிப்பார், விற்கிறவர் ஒத்துக்கொள்ள மாட்டார், மெல்ல மெல்ல ஏறும். மிராசுதார் எங்கள் வண்டியை வாங்கத்தான் நினைத்திருந்தார். அதனால் அடிமாட்டு விலையில் விரலை வைத்தார். அந்த விலைக்கு விற்பதைவிட வாங்குவதுதான் லாபம் என்று முதலாளிக்குக் கண்மூடித் திறப்பதற்குள் தெரிந்துவிட்டது. சம்மதம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியாகிவிட்டது. தம் பண்ணையாட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெரிய மனிதர் எப்படி வாக்கை மாற்றுவார்? துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வண்டி கட்டி ஏத்திவிடுடா" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். என்ன விலைக்கு முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சிநேகிதர் சிரித்தார். "உன் வண்டி பொழைச்சிக்கிச்சி, போ" என்று என் முதுகில் தட்டினார். பிறகு ஒரு கந்தலை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் அழுக்கு எதுவும் இல்லை.

நான் முதலாளியிடம் போனேன். அவரிடம் நானாக வாய் திறந்து ஒன்று கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அவரையும் நம்ம கூட வச்சிக்கலாமா முதலாளி?"

"ஒரு இன்ஜினுக்கு ரெண்டு டிரைவரா? அப்ப நீ வேலைய உட்டுடுறியா?"

கோபமாகக் கேட்கவில்லை, விவரம் கேட்பது போலத்தான் கேட்டார். நான் கொட்டகைக்குத் திரும்பி ஸ்பானரை எடுத்தேன். முதலாளி மட்டும் முன்பே ரயிலேறிப் போனார்.

நாங்கள் இருவரும் வண்டியைப் பிரித்தோம். பிரிக்கிற வேலையில் பாதிக்கு மேல் அவரே செய்தார். அவர் திருகின இடமெல்லாம் எண்ணெய் போட்டு இளக்கமாக இருந்தது. ஒன்றைக்கூட உளி வைத்து அடிக்க வேண்டியிருக்கவில்லை. பல்சக்கரத்தை வெளியே எடுத்தபோது அதைத் தரையில் வைக்கவிடாமல் சாக்கை விரித்தார். இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற மேக்னெட்டோ, கார்புரேட்டர், ஸ்டியரிங், பேரிங் என்று உதவக்கூடியதையெல்லாம் தனித்தனியாகக் கட்டி மாட்டு வண்டியில் ஏற்றினோம். விரிசல் விட்ட சிலிண்டர் மட்டும் கொட்டகையில் கிடந்தது.

"மேக்னெட்டோவ மழையில நனைய உடாத. அது கொஞ்சம் நோஞ்சான்" என்றார்.

"மிராசுதாரு உன்ன இன்னா பண்ணச் சொன்னாரு?"

"ஏர் ஓட்டச் சொன்னாரு. இத ஓட்டின கைய்யி இனிமே மாட்டு வாலப் புடிக்குமா? கோலாருக்குப் போறேன். எங்க மச்சான் தங்கச் சுரங்கத்துல இருக்கான்."

"நான் அங்க வரட்டா, எப்பனா?"

"வா. அங்க இன்னா ஒடைச்சிக்கினு வருவ?" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கும் அண்ணி களி போட்டார்கள். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பல்சக்கரம் எங்கள் வண்டியில் அச்சாகப் பொருந்தியது. முதல் மழைக்கு நிலம் முழுவதும் உழுதேன். அதுவரையில் நையாண்டி பண்ணினவர்களும் வரப்பில் நின்று பார்த்தார்கள். முதலாளிக்கு ஏக சந்தோஷம். எனக்கு ஒரு ஜதை வேட்டி எடுத்துக் கொடுத்தார். அடுத்து மேக்னெட்டோ கெட்டது; சாக்கைப் பிரித்து அவருடையதை மாட்டினேன். கார்புரேட்டர் அடைத்தது, அவருடையது இருந்தது. எதற்கும் ரயிலேற வேண்டியிருக்கவில்லை. வேண்டியதெல்லாம் கொட்டகையில் என் பாய்க்குப் பக்கத்திலேயே கிடந்தது. சாமான் செலவே இல்லை என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அப்படி மாதக் கணக்கில் நான் யாரிடமும் பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

கோலாரிலிருந்து அவர் எழுதவில்லை. அவருக்கு எழுத வராது. எனக்கு வரும், ஆனால் விலாசம் வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

உழவு இல்லாத ஒரு நாளில் வேட்டியை மாற்றிக்கொண்டு ரயிலேறி வாலாஜா ரோட்டில் இறங்கினேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மிராசுதார் நிலத்தில் நாலைந்து ஏர் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. டிராக்டர் நின்ற கொட்டகையில் வைக்கோல் அடுக்கியிருந்தார்கள். அவர் குடியிருந்த வீட்டு முன்னால் போய் நின்றேன். உள்ளே தறிச் சத்தம் கேட்டது. புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க வேணும்?"

மனிதர்களைத் தேடி வந்ததாகச் சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை.

"வண்டிக்கு ஒரு சாமான் கேக்கலாம்னு வந்தேன்" என்றேன்.

"இங்க வண்டி சாமானெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே" என்றாள். நான் வெயிலில் நிற்பதைப் பார்த்து, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

வாங்கிக் குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.