பதினொரு பேருக்கு நான் கேட்டுச் சொன்னது

எனக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு என்று அத்தா எங்கள் அடுக்ககத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அத்தனையிடமும் சொல்லி வைத்திருந்தார். கம்பத்தில் நான் படித்த கான்வென்ட்டில் மூன்று வருடம் ஆங்கிலத்துக்கு முதல் பரிசு வாங்கியிருந்தேன். பேச்சுப் போட்டியில் கிடைத்த பிளாஸ்டிக் கோப்பைகள் இரண்டைத் துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்து அமெரிக்காவுக்கே கொண்டு வந்திருந்தோம். அதனால், டாலஸுக்கு வடக்கே இருந்த அந்த உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேரப் போன அன்று, முதலில் ஒரு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னதும் அத்தா சிரித்தபடியே வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அப்போது பதினான்கு வயது.

படித்துப் பதில் எழுதும் பகுதியில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கேட்டுப் பதில் எழுதும் பகுதியில்தான் கவிழ்ந்தேன். ஹெட்ஃபோனில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் நூலகத்தைப் பற்றி ஏதோ பேசினார்கள். அது நூலகம் என்பதே கேள்வித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாதி மென்று விழுங்கப்பட்டு, நான் ஒன்றைப் பிடிப்பதற்குள் அடுத்த ஐந்து ஓடிப்போயின. ஒரு வாரம் கழித்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. புதிதாக வந்த, ஆங்கிலத்தில் உதவி தேவைப்படும் மாணவர்களுக்கான வகுப்பில் உங்கள் மகளைச் சேர்க்கிறோம், கையெழுத்திடுங்கள் என்றிருந்தது. அத்தா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதை அம்மாவிடம் நீட்டினேன்.

"என்னடி இது?"

"ஸ்கூல் பஸ் ஃபார்ம்மா."

அம்மா போட்டுக் கொடுத்தார்.

அந்த வகுப்பில் என்னைத் தவிரப் பதினொரு பேர். எல்லோரும் சீனாவிலிருந்தோ தைவானிலிருந்தோ வந்தவர்கள், வீட்டில் சீன மொழி பேசுகிறவர்கள். பாடத்தாள்களே அவர்களுக்காகத் தயாரானவைதான். இடது பக்கம் ஆங்கிலச் சொல் இருக்கும், வலது பக்கம் அதன் பொருள் சீன எழுத்தில் இருக்கும். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் நான் வலது பக்கம் பார்த்தால், அங்கே ஒரு குட்டி வீடும் இரண்டு ஏணிகளும் சேர்ந்து நிற்பதைப்போல ஒரு எழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆசிரியை நல்லவர். தமிழிலும் ஒரு தாள் தயாரித்துத் தருவதாகச் சொன்னார். அப்படி எல்லோருக்கும் தெரிய ஒரு தாள் வருவதில் எனக்கு விருப்பமில்லை. வேண்டாம், எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அதை மற்றவர்களும் நம்பிவிட்டார்கள். நான் கடகடவென்று பேசுவேன். அவர்கள் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் மூன்று முறை கட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். பேசத் தெரிந்தவளுக்குக் கேட்கவும் தெரியும் என்று அவர்கள் எண்ணியதில் தப்பில்லை. காலையில் சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்து முடிந்ததும் பதினொரு முகங்களும் என் பக்கம் திரும்பும். எனக்குக் கிடைத்த இரண்டு மூன்று சொற்களை வைத்து மீதியை நானே கட்டிச் சொல்வேன். மதிய உணவு, கால்பந்து, பேருந்து என்று பெரும்பாலும் சரியாகவே போனது. ஒரே ஒரு முறை, எல்லோரும் இரவு உடையில் வர வேண்டிய வேடிக்கை நாள் ஒன்றை நான் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட, ஹாவ் என்ற பையன் கரடி படம் போட்ட பைஜாமாவில் வந்து நின்றான். தேதியைத் தான்தான் தவறாகக் குறித்துக்கொண்டதாக அவனே முடிவு செய்துகொண்டான். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அந்த ஒலிபெருக்கிப் பெட்டி கரகரக்கும்போது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்பேன்.

எனக்கு அடுத்த மேசை யூதிங்குடையது. தைவானிலிருந்து வந்தவள். அவள் பேசினால் ஆசிரியை குனிந்துதான் கேட்க வேண்டும். ஆனால் படிப்பாள். உணவுப் பொட்டலத்தின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிப்பாள். பேசத் தெரியாததால் படிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஒரு பயிற்சி நடத்தினார்கள். துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான பயிற்சி. அதன் பெயர் லாக்டவுன். விளக்கை அணைக்க வேண்டும். கதவிலிருக்கும் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால் தெரியாத மூலையில் பதுங்க வேண்டும். எங்கள் அறையில் அது ஜன்னல்களுக்குக் கீழே இருந்த சுவர். செல்போன் சத்தம் வரக் கூடாது. யார் தட்டினாலும், தலைமையாசிரியரே வந்து கூப்பிட்டாலும், கதவைத் திறக்கக் கூடாது, திறக்க வேண்டியவர்களிடம் சாவி இருக்கும் என்றார்கள். பயிற்சியின் நடுவே ஒரு போலீஸ்காரர் வந்து எங்கள் கதவின் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தார். சோதனைக்காகத்தான். கைப்பிடி மேலும் கீழும் ஆடியதை நான் தரையிலிருந்து பார்த்தேன். பிறகு பல நாள் கண்ணை மூடினால் அது ஆடும். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா மறுநாளே ஊருக்கு டிக்கெட் போடச் சொல்வார் என்று பயம்.

அது நடந்து இரண்டு வாரம் இருக்கும். மதியத்துக்குப் பிறகு எங்களுக்குக் கேட்டல் தேர்வு. வெளியே வெளிச்சம் சரியில்லை. வானம் பழைய செம்புப் பாத்திரம்போலப் பச்சை பிடித்துக் கிடந்தது. காற்று துளியும் இல்லை. ஆசிரியை ஒலிப்பதிவைப் போட்டார். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை. வேறொன்று எடுத்து வருகிறேன், இரண்டு நிமிடம் என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனார். கதவு அவர் பின்னால் தானாகப் பூட்டிக்கொண்டது. தேர்வு தள்ளிப்போனதில் எனக்குச் சந்தோஷம்.

அப்போது பெட்டி கரகரத்தது. காலையில் வரும் குரல் இல்லை. வேறொரு பெண், டெக்சஸ் இழுவையோடு, அவசர அவசரமாக. எனக்குக் கிடைத்தவை நான்கே சொற்கள். டீச்சர்ஸ். க்ளோஸ். டோர்ஸ். விண்டோஸ். நடுவில் டார்நேடா என்று ஏதோ ஒன்று இரண்டு முறை வந்தது. அது ஒரு ஆளின் பெயர் என்று எனக்குப் பட்டது. டொர்னாடோவை எனக்குத் தெரியும். புவியியல் பாடத்தில் சூறாவளியின் படம் வரைந்து, பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். அதை இந்த ஊர்க்காரர்கள் இப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவை மூடச் சொல்கிறார்கள், ஜன்னலைப் பற்றிச் சொல்கிறார்கள், டார்நேடா என்று ஒருவன் வந்திருக்கிறான்.

முகங்கள் திரும்பின. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் நான் வாயைத் திறந்து, "லாக்டவுன்" என்றேன்.

ஹாவ் ஓடிப்போய் விளக்கை அணைத்தான். பன்னிரண்டு பேரும் ஜன்னலுக்குக் கீழே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டோம். வெளியே எங்கோ ஒரு சங்கு ஊதத் தொடங்கியது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. போலீஸ் வருகிறது என்று நினைத்தேன். பிறகு கதவுக்கு அப்பால் காலடிச் சத்தம். ஒருவர் இருவர் அல்ல, நூற்றுக்கணக்கில். ஓடுகிறார்கள். யாரோ கத்துகிறார்கள். துப்பாக்கி வெடிக்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். பாதுகாப்புக்காக ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினேன். பாதியில் மறந்துபோனது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன், மறுபடி அதே இடத்தில் நின்றது. என் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன்.

யாரோ கதவைத் தட்டினார்கள். கைப்பிடி ஆடியது.

ஆண் குரல் ஒன்று ஏதோ கேட்டது. கனமான குரல். ஒரு சொல்கூடப் புரியவில்லை. பக்கத்தில் ஒரு பெண் விம்மத் தொடங்கியதும் அவள் வாயை நான்தான் கையால் பொத்தினேன். கண்ணாடியில் ஒரு முகம் வந்து இருட்டைப் பார்த்துவிட்டு விலகியது. காலடி ஓடி மறைந்தது. பிழைத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

சரியாக அப்போதுதான், கதவருகே தொங்கிய துணிப்பையில் நாங்கள் வகுப்புக்கு முன் போட்டு வைக்கும் செல்போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. அப்படி ஒரு அலறலை அதற்கு முன் கேட்டதில்லை. சத்தத்தை நிறுத்துங்கள் என்று நான் கையால் சைகை காட்டினேன். யூதிங் தவழ்ந்து போனாள். தன் குளிர் ஜாக்கெட்டைப் பையின் மேல் போட்டு அமுக்கினாள். பிறகு ஒரு போனை வெளியே எடுத்துப் பார்த்தபடி அங்கேயே மண்டியிட்டு நின்றாள். படித்தாள். அந்த நேரத்திலும் நிதானமாக, முழுதாகப் படித்தாள். திரும்பத் தவழ்ந்து வந்து திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நான் படிக்கவில்லை. வெளிச்சம் வெளியே தெரியும் என்று உள்ளங்கையால் திரையை மூடினேன். அவள் என் கையை விலக்கினாள். மறுபடி மூடினேன். நான்கு மாதமாகப் பதினொரு பேருக்கும் கேட்டுச் சொன்னவள் நான். இவள் எனக்குச் சொல்லப் பார்க்கிறாள் என்ற கோபமும் அந்தப் பயத்துக்குள் எங்கோ இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

யூதிங் எழுந்து நின்றாள். கதவை நோக்கி நடந்தாள். நான் பாய்ந்து அவள் காலைப் பிடித்தேன். அவள் குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். பிறகு சீனத்தில் ஒரே ஒரு வாக்கியம், நான் அதுவரை அவளிடம் கேட்டிராத சத்தத்தில், மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். கதவைத் திறந்தாள்.

வெளியே ரத்தமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. நீண்ட நடைபாதையின் இரு பக்கமும் பள்ளி முழுதும் சுவரைப் பார்த்து மண்டியிட்டு, பிடரியில் கைகோத்துக் குனிந்திருந்தது. தூரத்திலிருந்து உடற்பயிற்சி ஆசிரியர் எங்களைப் பார்த்துக் கையை வீசிக் கத்தினார். கதவைத் தட்டிய குரல் அதுதான். ஓடிப்போய்க் கிடைத்த இடத்தில் குனிந்தோம். அதன் பிறகு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கூரைமேல் லாரியில் கருங்கல் ஜல்லியைக் கொட்டுவதுபோல் ஆலங்கட்டி விழுந்தது. விளக்குகள் அணைந்தன. எங்கள் அறைக்குள் கண்ணாடி உடையும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு, பெரிய வண்டி ஒன்று எங்களைக் கடந்து போவதுபோல் தரை அதிர்ந்தது.

போன்கள் எச்சரித்த சூறாவளி பள்ளிக்கு வரவில்லை. வடக்கே வெறும் நிலத்தில் இறங்கி, ஒரு கிடங்கின் கூரையைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கலைந்துபோனதாகப் பிறகு சொன்னார்கள். வெளியேறலாம் என்றதும் எங்கள் அறைக் கதவில் நின்று பார்த்தேன். மூன்று ஜன்னல்கள் இல்லை. நாங்கள் ஒட்டிக்கொண்டிருந்த சுவரோரம் முழுக்கக் கண்ணாடித் துண்டுகளும், எலுமிச்சை அளவு பனிக்கட்டிகளும் கிடந்தன. ஹாவ் விட்டுவிட்டு வந்த பையின் மேல் ஒரு கண்ணாடித் துண்டு செங்குத்தாகக் குத்தி நின்றது.

ஆசிரியை அழுதபடி ஓடி வந்து எங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பின்னாலேயே துணைத் தலைமையாசிரியர் வந்தார். யார் விளக்கை அணைத்தது, தட்டியும் ஏன் திறக்கவில்லை, யார் அப்படிச் செய்யச் சொன்னது என்று கேட்டார். கோபமாக அல்ல, நிறுத்தி நிறுத்தித்தான் கேட்டார். அன்று ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. ஹாவ் தரையைப் பார்த்தான். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அத்தாவைக் கூப்பிடுவார்கள், அந்தக் கையெழுத்துத் தாளை எடுத்துக் காட்டுவார்கள்.

யூதிங்தான் பேசினாள். அவருக்குக் கேட்காமல் குனிந்தார். அவள் மறுபடி சொன்னாள்.

"வீ ஹியர் ராங். வீ ஆல்."

நாங்கள் எல்லோரும் தவறாகக் கேட்டுவிட்டோம் என்று அவர் அதை ஆசிரியைக்குத் திருப்பிச் சொன்னார். ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். அதோடு விசாரணை முடிந்தது.

அத்தா காரோடு வரிசையில் ஒரு மணி நேரம் நின்றிருந்தார். முன் கண்ணாடியில் சிலந்தி வலைபோல விரிசல் விட்டிருந்தது.

"பயந்துட்டியாம்மா?"

"இல்லத்தா."

"அனவுன்ஸ்மென்ட் எல்லாம் புரிஞ்சுச்சுல்ல?"

"புரிஞ்சுச்சு."

அவர் என் தலையில் கை வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். வருடக் கடைசியில் மதிப்பெண் அட்டை வந்தபோது அந்த வகுப்பின் பெயர் அதிலேயே அச்சாகியிருந்தது. எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆனால் ஆலங்கட்டி விழுந்த அன்று இரவு முழுக்க நான் நினைத்துக்கொண்டிருந்தது யூதிங்கின் ஆங்கிலத்தைப் பற்றித்தான். அவள் எப்போதும் 'ஹீ'யையும் 'ஷீ'யையும் மாற்றிப் போடுவாள். சீனப் பேச்சில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே ஒலிதான் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். அதே குழப்பத்தில்தான் அவள் 'ஷீ' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'வீ' என்று சொல்லிவிட்டாள், அவளுடைய இலக்கணப் பிழையால் நான் தப்பித்தேன் என்று உறுதியாக நம்பினேன். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

அந்த நன்றியில், பள்ளி மறுபடி திறந்த அன்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, நோட்டில் ஒரு கோடு கிழித்துச் சொல்லிக் கொடுத்தேன். தப்பு செய்தது ஒரு பெண் என்றால் 'ஷீ'. எல்லோரும் சேர்ந்து செய்தால்தான் 'வீ'. யூதிங் குறுக்கே பேசாமல் கேட்டாள். பென்சிலை எடுத்து இரண்டுக்கும் ஒவ்வொரு வாக்கியம் எழுதினாள். இரண்டும் பிழையில்லாமல் இருந்தன. பிறகு நிமிர்ந்து கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

அவளுக்கு இன்னும் விளங்கவில்லை என்று நினைத்து, நான் இன்னொரு முறை, இன்னும் மெதுவாக, முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தேன்.